சம்சாரமும் செங்சாராவும்

ஒரு சொல் பல பொருளைக் குறித்து வருதல் தமிழ் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியர் திரிசொல்லை இரண்டாக வகுத்து, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஒரு வகையிலும், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல்லை மற்றொரு வகையிலும் வைத்தார். பின்னெழுந்த நிகண்டு ஆசிரியர்கள், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் திரட்டித் தருவதற்கெனத் தனித் தொகுதியே அமைத்தனர். ஆயினும் அவர்கள் கண்டது ஒரு மொழிக்குள் நிகழும் பொருட்பெருக்கம். ஒரே சொல் பல மொழிகளுக்குள் புகுந்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பொருளோடு குடியிருக்குமாயின் அதனை எங்ஙனம் கொள்வது? காலையில் தமிழும், கடைத்தெருவில் மலாயும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசிப் பொழுது கழிக்கும் மலாக்கா மாநிலத் தமிழருக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் வினா. அதற்கு விடை காண ‘சம்சாரம்’ என்னும் ஒரு சொல்லே போதும்.

மேடையில் எழும் நகை

திருமண வரவேற்பு மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் பல்லாண்டுகளாக உலவி வரும் நகைச்சுவை ஒன்று உண்டு. “தமிழன் மனைவியைச் சம்சாரம் என்றான். அச்சொல் கடல் கடந்து மலாய்க்கு வந்தது. மலாய்க்காரர் அதன் உண்மைப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். செங்சாரா என்றால் துன்பம்!” என்று பேச்சாளர் முடிப்பார். அவை சிரிக்கும். மணமகனும் சிரிப்பார். மணமகள் தலையைக் குனிந்துகொள்வார்.

சிரிப்பைக் குற்றம் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் இந்நகை வெறும் நகையாக நில்லாமல், மொழியாராய்ச்சி என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகின்றது. விழா மலர்களில் வெளியாகும் ‘மலாயில் தமிழ்ச் சொற்கள்’ என்னும் பட்டியல்களிலும் இவ்விணை இடம்பெற்றுவிடுகின்றது. பட்டியலைப் படிக்கும் இளம் ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். ஆகலின் இதனைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்தால், இதில் மூன்று பிழைகள் உள்ளமை புலனாகும். முதலாவது, சொல்லின் வரலாறு பற்றியது. இரண்டாவது, பொருள் கொள்ளும் முறை பற்றியது. மூன்றாவது, அதனால் விளையும் தீங்கு பற்றியது.

சொல்லின் பிறப்பு

சம்சாரம் தமிழில் பிறந்த சொல்லன்று, வடசொல். ஓடுதல், பெயர்தல் என்னும் பொருளுடைய அடியிலிருந்து அது பிறந்தது. பிறந்தும் இறந்தும் மீண்டும் பிறந்தும் உயிர் சுற்றிச் சுற்றி வருதலை அச்சொல் முதற்கண் குறித்தது. வைதிகர், பௌத்தர், சமணர் ஆகிய மூவரும் இச்சொல்லை ஆண்டனர். இலங்கையில் சிங்களம் பேசும் பௌத்தர் இன்றும் இதனைப் பிறவிச் சுழற்சி என்னும் பொருளிலேயே வழங்குகின்றனர்.

தமிழ் இதனைக் கடன் கொண்டது. மலாயும் கடன் கொண்டது. இரண்டும் ஒரே கடையில் கடன் வாங்கிய இரு குடும்பங்களைப் போன்றவை. ஒரு குடும்பம் மற்றொன்றுக்குக் கொடுத்தது என்று சொல்ல இடமில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே சுமத்திராவில் சிறீவிசய அரசு வடசொற்கள் மிக விரவிய பழைய மலாயில் கல்வெட்டுகளைப் பொறித்தது. பலெம்பாங் அருகே கிடைத்த, 684ஆம் ஆண்டைச் சேர்ந்த தாலாங் துவோ கல்வெட்டு, எல்லா உயிர்களின் நலத்தையும் வேண்டும் பௌத்த வேண்டுதலாக அமைந்துள்ளது. அத்தகைய சமயச் சூழலில்தான் இவ்வகைச் சொற்கள் மலாயில் வேரூன்றின. எனவே ‘தமிழன் கொடுத்தான், மலாய்க்காரர் வாங்கினார்’ என்னும் முதற் கூற்றே தவறாகின்றது.

தமிழில் அது வந்த வழி

பிறவிச் சுழற்சியைக் குறித்த சொல் மனைவியைக் குறித்தது எங்ஙனம்? இதற்கு வழி தெளிவாகவே உள்ளது. பிறவியை அறுக்க முயல்வோர் துறவியர். உலகில் உழல்வோர் இல்லறத்தார். துறவியைச் சந்நியாசி என்றும், இல்லறத்தானைச் சம்சாரி என்றும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் வழக்கு எழுந்தது. சம்சாரி வாழும் வாழ்க்கை சம்சாரமாயிற்று. அவ்வாழ்க்கைக்கு இடமான குடும்பம் சம்சாரமாயிற்று. குடும்பத்துக்கு நடுநாயகமாக நிற்கும் மனைவியும் சம்சாரமானாள்.

கடைசிப் படியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மனைவியின் பெயரைப் பிறர் முன் சொல்லத் தயங்கிய காலத்தில், வீட்டைச் சொல்லி அவளைக் குறித்தனர். ‘வீட்டில் சொல்கிறேன்’, ‘என் குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது’ என்பன முதியோர் வாயில் இன்றும் கேட்கக் கூடியவை. இல்லாள் என்பதில் இல்லும், மனைவி என்பதில் மனையும் இருத்தலைக் காண்க. மலாய்க்காரரும் மனைவியை ‘ஓராங் ரூமா’, அஃதாவது வீட்டு ஆள் என்பர். ஆகவே, தமிழர் வழக்கில் ‘என் சம்சாரம்’ என்பது மதிப்பும் கூச்சமும் கலந்த சொல். அதில் துன்பத்தின் சாயல் அணுவளவும் இல்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இச்சொல் இன்னொரு பொருளும் பெற்றது. கரிசல் வட்டாரத்தில் சம்சாரி என்றால் உழவன். கி. ராஜநாராயணன் கதைகளைப் படித்தோர் இதனை நன்கு அறிவர். நிலத்தோடும் மாட்டோடும் குடும்பத்தோடும் ஓரிடத்தில் ஊன்றி வாழ்பவன் என்ற கருத்தே அதற்கு அடிப்படை எனலாம்.

1986இல் விசு இயக்கத்தில் வெளிவந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்னும் திரைப்படத்தை இந்நாட்டுத் தமிழர் பலர் கண்டுள்ளனர். தலைப்பை மட்டும் கேட்டவர் அது மனைவியைப் பற்றிய கேலி என எண்ணலாம். கதையோ ஒரு கூட்டுக் குடும்பத்தைப் பற்றியது. மனைவி, குடும்பம் என்னும் இரு பொருளும் ஒரு சொல்லில் உடனுறைவதைத் தலைப்பே பயன்படுத்திக்கொண்டது.

அண்டை மொழிகளில்

இனி, தமிழை விட்டுச் சற்று வெளியே சென்று காண்போம். இந்தியில் சன்சார் என்றால் உலகம். மராத்தியிலும் வங்காளத்திலும் அச்சொல் இல்லற வாழ்வையும் வீட்டுப் பொறுப்பையும் சுட்டும். சத்யஜித் ராய் 1959இல் ‘அபுர் சன்சார்’ என்ற படத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் அது ‘அபுவின் உலகம்’ என்னும் பொருள்படப் பெயர் பெற்றது. எதிர்பாராத முறையில் மணம் புரிந்து, மனைவியைப் பேறுகாலத்தில் இழந்து, மகனையும் விட்டு விலகித் திரிந்து, முடிவில் அம்மகனிடம் திரும்பும் ஒருவனின் கதை அது. வங்காளி தலைப்பைப் படிக்கும்போதே ‘அபுவின் குடும்பம்’ என்பதும் அவன் காதில் விழும். ஆங்கிலத் தலைப்பில் உலகம் நின்றது, வீடு விடுபட்டது. பெயர்த்தவர் தவறு செய்தார் என்பதற்கில்லை. இரண்டையும் ஏந்தும் ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை.

மலையாளத்தின் நிலை இன்னும் விந்தையானது. அங்கே சம்சாரம் என்றால் பேச்சு. சம்சாரிக்குக என்றால் பேசுதல். உலக வாழ்வு, உலகியல் நடப்பு, அந்நடப்பைப் பற்றிய உரையாடல் என இப்பொருள் படிப்படியாக வந்திருத்தல் கூடும். ரப்பர்த் தோட்டங்களில் கிராணிமாராகப் பணியாற்றியவருள் மலையாளிகளும் பலர் இருந்தனர். அத்தகைய கிராணி ஒருவர், ‘எனிக்கு நின்னோடு சம்சாரிக்கணும்’ என்று ஒரு தமிழ்த் தொழிலாளியிடம் சொன்னால், ‘உன்னோடு பேச வேண்டும்’ என்பதே அவர் கருத்து. கேட்பவருக்கோ அது ‘உன்னோடு குடும்பம் நடத்த வேண்டும்’ என்று கேட்கும். இருவரும் வாயில் வைத்திருப்பது ஒரே சொல். அவ்விருவருள் எவரும் தவறாகப் பேசவில்லை.

மலாயிலும் அதற்கு அப்பாலும்

மலாயில் செங்சாரா துன்பத்தைக் குறிக்கும். அதுவும் சிறு வருத்தமன்று. நெடிது நின்று வாட்டும் கொடுந்துன்பம். அப்பொருள் வந்த வழியும் அறியத்தக்கதே. பிறவிச் சுழற்சி துன்பமயமானது என்பது பௌத்தக் கொள்கை. தீவுக் கூட்டத்தில் இசுலாம் பரவி, மலாக்கா சுல்தானியமும் அச்சமயத்தைத் தழுவிய பின்னர், மறுபிறவிக் கொள்கை மலாய் மக்களிடம் நிலைபெறவில்லை. சொல்லின் உள்ளிருந்த கொள்கை நீங்கிற்று. அதனோடு ஒட்டியிருந்த துன்ப உணர்ச்சி மட்டும் எஞ்சிற்று. உபவாசம் ‘புவாசா’ ஆகி நோன்பைக் குறித்ததும், ஆகமம் ‘அகாமா’ ஆகிச் சமயம் என்னும் பொதுப் பெயராக விரிந்ததும் இவ்வாறே. பழைய கலம் நிற்க, உள்ளே புதிய நீர் ஊற்றப்பட்டது.

காஜா பேராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகள் இதற்குச் சான்றாக நிற்கக் கூடியவர்கள். சுல்தானிய காலத்தில் வணிகத்துக்கு வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்த தமிழரின் வழியினர் அவர்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்களுடையது. சமயம் சைவம், வீட்டு மொழி மலாய். தமிழர் வழியில் வந்து, பிறவிச் சுழற்சியை ஏற்கும் சமயத்தில் நின்றபோதிலும், மலாயை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைக்குச் செங்சாரா என்றால் துன்பமே, மனைவியன்று. குருதி எங்கிருந்து வந்தது என்பதும், வழிபாடு எது என்பதும் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பதில்லை. பேசும் மொழியே தீர்மானிக்கின்றது.

வடக்கே சென்றால் தாய்லாந்தில் இதே சொல் ‘சொங்சான்’ என ஒலித்து, இரங்குதலைக் குறிக்கின்றது. துன்பச் சுழலில் அகப்பட்டவனைக் கண்டால் எழும் உணர்ச்சி இரக்கமன்றோ? கம்போடியாவின் கெமர் மொழியிலோ ‘சொங்சா’ என்றால் காதலர். துன்பம் எங்கே, காதல் எங்கே என்று திகைக்க வேண்டுவதில்லை. இரக்கமும் அன்பும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மலாயில் ‘காசே’ என்றால் அன்பு. ‘காசேஹான்’ என்றால் ‘ஐயோ, பாவம்’. ‘சாயாங்’ என்றால் அன்பு; ‘சாயாங்!’ என்று பெருமூச்செறிந்தால் ‘அடடா, வீணாயிற்றே’ என்பது பொருள். தமிழிலும் தீவினையைக் குறித்த பாவம், ‘பாவம், பிள்ளை பசியோடு இருக்கிறது’ என்னும்போது இரக்கமாகிவிடுகின்றது. அப்பிள்ளை செய்த தீவினை யாது என எவரும் கேட்பதில்லை.

ஆகவே பிறவிச் சுழல், உலகம், குடும்பம், மனைவி, பேச்சு, துன்பம், இரக்கம், காதலர் ஆகிய இத்தனை பொருள்களை ஒரே சொல் சுமந்து நிற்கின்றது. இவற்றுள் ‘உண்மைப் பொருள்’ எது? மேடைப் பேச்சாளர் துன்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார். கம்போடியர் ஒருவர் மேடை ஏறினால், ‘தமிழர் மனைவியைக் காதலி என்றே அழைக்கிறார்கள்’ என்று பாராட்டிவிட்டு இறங்கக் கூடும். இரண்டும் ஒரே அளவு வலிமையுடைய வாதங்கள். அஃதாவது, இரண்டுக்கும் வலிமை இல்லை.

பேச்சாளர் முறையையே பின்பற்றினால் வேறோர் இடரும் உண்டு. மலாயில் கணவனைச் ‘சுவாமி’ என்பர். தலைவன், உடையவன் என்னும் பொருளுடைய அதே வடசொல்தான் அது. செங்சாராவைக் கொண்டு மனைவி துன்பம் என நிறுவுவோர், சுவாமியைக் கொண்டு கணவன் கோயிலில் வைத்துக் கும்பிடத்தக்கவன் எனவும் நிறுவ வேண்டும். அதனை எந்த மேடையும் ஒப்புக்கொள்ளாது.

ஐரோப்பாவில் ஒரு சான்று

இஃது ஆசியாவில் மட்டும் நிகழ்வதன்று. மலாக்காவைப் போர்ச்சுகீசியர் 1511இலும் ஒல்லாந்தர் 1641இலும் கைப்பற்றினர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னிருவர் மொழிகளும் செருமனும் சுவீடியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ‘கிப்ட்’ என்னும் சொல்லைக் காண்க. ஆங்கிலத்தில் அது பரிசு. ஒல்லாந்தர் மொழியில் நன்கொடை. செருமனில் நஞ்சு. சுவீடியத்தில் நஞ்சு என்பதோடு மணமானவர் என்றும் பொருள்படும்.

கொடுத்தல் என்னும் ஒரே வேரிலிருந்து இவை அனைத்தும் கிளைத்தன. தமிழாசிரியருக்கு இதனை விளக்க வேண்டுவதே இல்லை. ‘பரிசு கொடுத்தார்’, ‘மருந்து கொடுத்தார்’, ‘பெண் கொடுத்தார்’ என்னும் மூன்று தொடர்களை அடுத்தடுத்து வைத்தால் போதும். கொடுக்கப்பட்ட பொருள் ஓரிடத்தில் பரிசாயிற்று, ஓரிடத்தில் மருந்தாகி, பின் நஞ்சாயிற்று, ஓரிடத்தில் மணமாயிற்று. இதனால் ஆங்கிலேயர் தரும் பரிசில் நஞ்சு உள்ளது என்றோ, சுவீடியர் மணத்தை நஞ்சாகக் கருதுகிறார்கள் என்றோ எந்த மொழிநூலாரும் முடிவு கட்டுவதில்லை. பிற்கூறியதை அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையை அகராதியில் ஏற்றுவதில்லை.

எவை மாறும், எவை மாறா

இரு மொழிகளில் ஒத்து ஒலிக்கும் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடைத்தலே இக்குழப்பங்களுக்குக் காரணம். அவற்றை மூன்றாகப் பிரித்தல் நலம்.

முதல் வகை, பொருளோடு பயணம் செய்த சொற்கள். கடை ‘கெடாய்’ ஆயிற்று. கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று. இவை தமிழ் வணிகர் தந்தவை. போர்ச்சுகீசியர் கொணர்ந்த மேசையும் சன்னலும் அலமாரியும் தமிழிலும் மலாயிலும் சிறு ஒலி வேறுபாட்டோடு அதே பொருளில் நிற்கின்றன. அலோர் காஜா என்னும் ஊர்ப் பெயரில் உள்ள காஜா, வடமொழியின் கஜம். அன்றும் யானை, இன்றும் யானை. கண்ணெதிரே பெட்டி இருக்கும்போது பெட்டி என்னும் சொல் எளிதில் வழி தவறுவதில்லை.

இரண்டாம் வகை, கருத்தை மட்டும் சுமந்து வந்த சொற்கள். சம்சாரம் இவ்வகையது. தொட்டுக் காட்ட ஒன்றும் இல்லாமையால் ஒவ்வொரு மக்களும் தம் வாழ்வுக்கு ஏற்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டனர். விசாரம் என்பதும் அத்தகையதே. இந்தியில் அது எண்ணம், கன்னடத்தில் செய்தி, சங்கதி, தெலுங்கில் துயரம், தமிழில் கவலை. மலாயில் ‘பிச்சாரா’ என்றால் பேச்சு. ஆயினும் மலாய் நீதிமன்றத்தில் நடக்கும் ‘பெர்பிச்சாராஆன்’ தமிழர் நீதிமன்றத்தின் விசாரணையேயாகும். கிளைகள் பிரிந்து சென்று ஓரிடத்தில் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. சிந்தை தமிழில் மனம். இந்தியில் சிந்தா கவலை. மலாயில் ‘சிந்தா’ காதல்.

மூன்றாம் வகை, தற்செயலாக ஒத்து ஒலிப்பவை. மலாயில் ‘தாலி’ என்றால் கயிறு. இதனைத் தமிழ்த் தாலியிலிருந்து வந்ததாகப் பெருமையோடு எழுதுவோர் உளர். பிலிப்பைன்சில் தகாலோகு பேசுவோரும் கட்டும் கயிற்றைத் தாலி என்பர். தொலைவிலுள்ள மடகாஸ்கர் தீவில் கயிறு ‘தாடி’ எனப்படும். தமிழர் தாலி கட்டும் வழக்கம் சென்றிராத தீவுகளிலும் அச்சொல் இருத்தலால், அது மலாய் இனமொழிகளின் சொந்தச் சொல் என்பது தெளிவு. இங்கு ஒற்றுமை காதுக்கு மட்டுமே உரியது.

தமிழ் பிற மொழிகளுக்கு வழங்கியது கொஞ்சமன்று. முதல் வகையில் உள்ளவற்றை எண்ணிப் பெருமை கொள்ளலாம். மற்ற இரு வகைகளையும் அதனோடு கலந்து பட்டியலை நீட்டினால், மெய்யான கொடையும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

வகுப்பறையில் விளையும் தீங்கு

இஃது அறிஞர்க்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு வழக்கு என எண்ணுதல் கூடாது. தமிழ்ப்பள்ளி மாணவர் தேசிய மொழியில் கட்டுரை எழுதித் தேர்வடைய வேண்டியவர். ‘செங்சாரா நம் சொல்; குடும்பம் என்பது அதன் பொருள்’ என்று கேட்டுப் பழகிய சிறுவன், ‘என் குடும்பத்தில் அறுவர்’ என எழுத நினைத்து, ‘செங்சாரா சாயா எனாம் ஓராங்’ என எழுதிவிட்டால் என்னாகும்? ‘என் துன்பங்கள் அறுவர்’ என்றன்றோ திருத்துவோர் படிப்பார்! குடும்பத்துக்கு மலாயில் ‘கெலுவார்கா’ என்னும் சொல் உண்டு. அது குலமும் வர்க்கமும் சேர்ந்த வடசொற்றொடர். அதனைக் காட்டியிருந்தால் மாணவன் பிழையும் செய்யான். சொல்லாராய்ச்சியின் சுவையையும் இழக்க மாட்டான்.

இதற்குத் தனித்தமிழ் அன்பர் ஒரு மறுப்புக் கூறக்கூடும். ‘சம்சாரம் வடசொல்லாயின் அதனை விலக்கி, மனைவி, இல்லறம் என எழுதினால் சிக்கலே இல்லையே’ என்பர். எழுதும்போது அவ்வாறு எழுதுதல் சாலும்; எவரும் தடுப்பதற்கில்லை. ஆனால் எழுதாமல் விடுவது வேறு. அறியாமல் விடுவது வேறு. முன்னோர் பேசிய பேச்சில் அச்சொல் உள்ளது. அதனைப் பிள்ளைகளுக்கு மறைத்தால் முன்னோர் பேச்சே மறைந்துவிடும். இன்று இளையோர் சம்சாரம் எனப் பேசுதல் அருகிவிட்டது. செங்சாராவையோ பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு நன்கு அறிவர். எனவே அவர்கள் முதலில் அறிவது துன்பம். பின்னர்க் கேட்பது சம்சாரம். மேடை நகைச்சுவையும் சேர்ந்துகொண்டால், துன்பமே அச்சொல்லின் பொருளென மனத்தில் பதிந்துவிடும்.

துன்பத்தின் பெயரால் ஒரு நாவலே இருப்பதை ஈண்டு நினைவூட்டுதல் தகும். 1920இல் மெராரி சிரெகார் எழுதிய ‘அசாப் டான் செங்சாரா’, இந்தோனேசியப் புது நாவல் இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்று. வதையும் துன்பமும் என்பது தலைப்பின் பொருள். அதில் துன்புறுபவள் மரியாமின் என்னும் பெண். அன்பு கொண்டவனை அடைய இயலாமல், பொருந்தாத ஒருவனுக்கு மனைவியாகி, அவன் கொடுமைக்கு ஆளாகி மடிகிறாள். செங்சாரா என்னும் சொல்லை இல்வாழ்வோடு சேர்த்துப் பேச விரும்புவோர் இந்நூலைக் கருதல் வேண்டும். மனைவியால் கணவனுக்கு வரும் துன்பத்தையன்று, மனைவி படும் துன்பத்தையே அது எடுத்துரைக்கின்றது.

1896இல் தான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பின்னர் இந்நாட்டில் தோட்டங்கள் பெருகின. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, வீடு திரும்பியபின் அடுப்பும் மூட்டிய பெண்களின் உழைப்பால் லயங்களில் குடும்பங்கள் நிலைத்தன. அவர்களைத்தான் அவர்தம் கணவர் சம்சாரம் என்றனர். உலக வாழ்வுக்கும் குடும்பத்துக்கும் வைத்த பெயரை அவளுக்கு வைத்தனர். அப்பெயரை அகராதியில் பக்கம் மாற்றிப் பார்த்துத் துன்பம் எனப் பொருள் சொல்லுதல் ஆராய்ச்சியும் அன்று, பண்பும் அன்று.

செய்யத் தக்கது

ஆசிரியர் இரு பத்தி கொண்ட சொற்பட்டியலை மூன்று பத்தியாக்கிக்கொள்வாராக. தமிழில் சொல்லும் பொருளும் ஒரு பத்தி. மலாயில் சொல்லும் பொருளும் அடுத்தது. மேற்கூறிய மூன்று வகையுள் எவ்வகை என்பது மூன்றாவது. சொல்லைத் தனியே நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் ஒரு சிறு வாக்கியத்தில் வைத்துக் கற்பித்தல் இன்னும் நன்று. சொல் எங்கிருந்து வந்தது என்பது அதன் பிறப்புச் செய்தி. இன்று அது என்ன பொருள் தருகின்றது என்பதை வாக்கியமே சொல்லும். விழா மலர் வெளியிடுவோரும் பட்டியலை அச்சுக்குத் தருமுன் அகராதி வல்லார் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஜாசின் பக்கத்திலோ மெர்லிமாவிலோ, தோட்டத்தை விட்டு அடுக்குவீட்டுக்குக் குடிவந்த முதியவர் ஒருவர், சுவரில் மாலையிட்டுத் தொங்கும் படத்தைக் காட்டி, ‘அது என் சம்சாரம்’ என்று சொல்லக்கூடும். அருகிலிருக்கும் பேரன் அதனைத் துன்பம் எனக் கேட்டு நகைப்பானாயின், ஒரு முதியவரின் வாழ்நாள் முழுவதும் அவனுக்குப் புரியாமல் போய்விடும். அவன் காதில் அது குடும்பமாகவும் மனைவியாகவும் விழுமாறு செய்தல் தமிழாசிரியரின் கடமை.